ஆமென் சொன்னவர்களுக்கு வந்த வலி

பொன்னுத்தாயின் கடைவாய்ப் பல்லில் இருந்த வலி சபையார் எல்லோருக்குமாகப் பிரிந்து போனது லெந்து என்கிற தவக்காலத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. குருவானவர் வழக்கம்போல் பிரசங்கத்தை முடித்து, வழக்கம்போல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டி, யாருக்காவது விசேஷித்த ஜெபம் வேண்டுமா என்று கேட்க, பெண்கள் பக்கம் பாயில் உட்கார்ந்திருந்த பொன்னுத்தாய் வீங்கின கன்னத்தைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு எழுந்து தன் பல்லைப் பற்றிச் சொன்னாள், அவர் அந்தப் பல்லுக்காக ஜெபித்தார், தூக்கத்தில் தட்டி எழுப்பினாலும் சொல்லக்கூடிய அந்த ஆமெனை நாங்கள் எல்லோரும் சொன்னோம், சொல்லி வாயை மூடுவதற்குள் ஆளுக்கொரு துணுக்கு வலி வந்து கடைவாயில் உட்கார்ந்துகொண்டது. பொன்னுத்தாய் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள். காணிக்கைப் பாட்டை சபையில் பாதிப்பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டுதான் பாடினோம். சாயங்காலம் ஆனதும் எங்கள் வலி போய்விட்டது, ஆனால் அவள் அன்று மத்தியானமே முறுக்கு கடித்ததாகப் பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள், சொன்ன குரலில் கொஞ்சம் வயிற்றெரிச்சலும் இருந்தது.

எங்கள் சீயோன்விளை செம்மணல் மேடாகக் கிடக்கிற தேரிக்கும் பனங்காட்டுக்கும் நடுவில் இருக்கிற ஊர். கோயிலின் கோபுரம் மட்டும் ஊருக்குப் பொருந்தாத உயரம். அதிசயங்களைப் பற்றி அறுபது வருடமாக வாராவாரம் கேட்டுப் பழகிய சபை ஆகையால் ஒன்று நேரில் வந்து நின்றபோது எங்களுக்குப் பெரிதாகத் தூக்கிவாரிப் போடவில்லை, வந்தது வந்தது இதை எப்படிச் சமாளிப்பது என்பதுதான் கவலையாக இருந்தது. அடுத்த ஞாயிறு ஒருவருடைய வயிற்றுப்புண், அதற்கடுத்த ஞாயிறு ஒரு குழந்தையின் காதுவலி, இப்படி வாரம் ஒன்றாக ஆமெனுக்குப் பின்னால் வந்து சேர, திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டிய பஸ் டிரைவரும் டீச்சரும் ஜெப விண்ணப்ப நேரம் முடிந்த பிறகே கோயிலுக்குள் நுழைந்தார்கள், தாய்மார்கள் பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள், ஆமென் என்கிற சத்தம் கேட்கக் கேட்க மெலிந்துகொண்டே போனது.

அப்புறம் சபைக் கமிட்டி கூடியது. பெரிய வலிகளை சபை நிறைந்திருக்கும்போதுதான் சொல்ல வேண்டும், அப்போதுதான் பங்கு சிறிதாக விழும் என்று தீர்மானித்தார்கள். வெளியூர் வலிகளை ஏற்பதில்லை என்று தீர்மானித்தார்கள். பிரசவ வலி கூடவே கூடாது என்று ஆண்கள் ஏகமனதாகத் தீர்மானித்ததை, பெண்கள் ஐக்கிய சங்கம் தனியாகக் கூடித் தூக்கிப் போட்டது. அந்த மாதமே கோயிலுக்கு எதிர்வீட்டு மருமகளுக்கு வலி எடுக்க, வேப்பமரத்தடியில் மீசைக்காரர்கள் எல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்த காட்சியைப் பார்க்கப் பக்கத்து ஊரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மாட்டுத் தொழுவம் வைத்திருந்த கோனார் தம் பசுவுக்கு ஒரு ஆமென் சொல்லச் சொல்லிக் கேட்டபோது மட்டும் எல்லோரும் தயங்கினோம். பொன்னுத்தாய்தான் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள், வந்து அந்த வாரம் முழுக்க எதையோ அசைபோட்டுக்கொண்டே இருந்தாள்.

வலி வந்ததுகூடப் பெரிதில்லை. சிலருக்கு வரவில்லை என்பது மெதுவாகத் தெரிய வந்தபோதுதான் ஊருக்கு உண்மையான கவலை பிடித்தது. யாருக்கு வலி வருகிறதோ அவருடைய விசுவாசம் உயிரோடு இருக்கிறது, வராதவருடையது செத்துப்போய்விட்டது என்று யாரோ குழாயடியில் சொல்லிவிட்டுப் போக, அது குருவானவர் சொன்னதைப்போலப் பரவிவிட்டது. முன்பு வலிக்குப் பயந்து ஒளிந்தவர்கள் இப்போது வலி வராமல் போய்விடுமோ என்று பயந்து முதல் மணிக்கே வந்தார்கள். எனக்கு மறுநாள் வரைக்கும் இருந்தது, எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது என்று பெருமை பேசுவதும் ஆரம்பித்தது. நாங்கள் ஐயர் என்று கூப்பிடுகிற குருவானவர்தான் பாவம்; இரட்சிப்பு இலவசம், நல்ல காரியம் செய்து அதை யாரும் சம்பாதிக்க முடியாது என்று காலமெல்லாம் பிரசங்கித்தவர். ஒரு ஞாயிறு அதையே அழுத்திச் சொல்வார், மறு ஞாயிறு கனி கொடுக்காத மரம் வெட்டப்படும் என்று சொல்வார், அதற்கடுத்த ஞாயிறு இரண்டையும் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிப்பார். கோடை முடிவதற்குள் அவருடைய அங்கி தோளில் தொங்க ஆரம்பித்துவிட்டது.

இந்த இடத்தில் தேவவரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார்; சுற்றுவட்டாரத்தில் எந்த நற்செய்திக் கூட்டத்துக் கன்வென்ஷன் பந்தல் என்றாலும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி மைக் போடுவது அவர்தான். அப்படி ஒரு பந்தலில் ஒயரை இழுத்துக்கொண்டிருந்தபோது பிரசங்கியார் சொன்ன ஏதோ ஒன்று நெஞ்சில் தைத்து, ஒயரைக் கையில் பிடித்தபடியே முழங்காலில் விழுந்து இரட்சிக்கப்பட்டார், அந்தத் தேதியையும் நேரத்தையும் கேட்டால் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். எங்கள் கோயிலிலும் ஆம்ப்ளிபயர் பக்கத்தில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு, கையில் ஒரு மைக் உண்டு, ஒவ்வொரு ஜெபத்தின் முடிவிலும் அவர் சொல்லும் ஆமென் கோபுரத்துக் குழாய் வழியாகப் பனங்காடு வரை போய்த் திரும்பும். நம்பினால் போதும் என்பார். அதற்குமேல் ஒரு துரும்பை எடுத்துப் போட்டாலும் அது தேவனுடைய வேலையில் மூக்கை நுழைப்பது என்பார்.

அவருக்கு வலி வரவே இல்லை.

பொன்னுத்தாயின் பல் வரவில்லை, வயிற்றுப்புண் வரவில்லை, எதிர்வீட்டு மருமகளின் வலி ஊரிலிருந்த எல்லா ஆண்களையும் உலுக்கிவிட்டு அவரை மட்டும் தாண்டிப் போனது. ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து, பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, காலிலிருந்து தலைவரை ஒவ்வொரு இடமாக மனதால் தொட்டுப் பார்ப்பார். எங்கேயாவது ஒரு குத்தல், ஒரு குடைச்சல், ஒரு சுளுக்காவது இருக்காதா என்று தேடுவார். உடம்பு இளநீர் குடித்த மாதிரி சுகமாக இருக்கும். அந்தச் சுகத்தை நினைத்து அவருக்கு வியர்த்தது. மைக் இல்லாமல் ஆமென் சொல்லிப் பார்த்தார், உபவாசமிருந்து சொல்லிப் பார்த்தார், கண்ணீரோடு சொல்லிப் பார்த்தார். அன்றைக்குப் பந்தலில் விழுந்தது நிஜமா, இல்லை ஒயரில் கரண்டு அடித்து விழுந்ததா என்கிற சந்தேகம் வந்த நாளிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது.

இதில் அவரை இன்னும் வதைத்தது, அடுப்படியில் அவருடைய மனைவி அன்னபாக்கியம் இடுப்பைப் பிடித்துக்கொண்டோ தலையைக் கட்டிக்கொண்டோ யாருடைய வலியையாவது வைத்துக்கொண்டு வேலை செய்வது. அவளுடைய இரட்சிப்பைப் பற்றித்தான் இத்தனை வருடமும் அவருக்குக் கவலை. சபையில் எழுந்து தன் இரட்சிப்பைப் பற்றி ஒரு சாட்சி சொன்னவள் இல்லை. "நீ எப்ப இரட்சிக்கப்பட்ட, சொல்லு பாப்போம்" என்று கேட்டால், "அது குடுத்தவருக்குத் தெரியும், அந்த அரிசிய எடுங்க, உல கொதிக்கு" என்பாள். சீக்காளி வீட்டுக்கெல்லாம் தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுபோவாள்.

"கஞ்சி குடுத்தெல்லாம் பரலோகத்துக்குப் போக முடியாதுட்டி" என்று அவர் ஒருநாள் சொன்னார்.

"போறதுக்கா குடுக்குதேன்? சீக்கா கெடக்கவளுக்குப் பசிக்கி" என்று சொல்லிவிட்டு அவள் செருப்பைப் போட்டாள்.

அவளுடைய ஆமென் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அதற்குத்தான் அத்தனை வலியும் வந்தது.

கடைசியில் தேவவரம் நொண்ட ஆரம்பித்தார். கருப்பட்டி வியாபாரியின் முழங்காலுக்காக ஜெபித்த ஞாயிறு, ஆமென் சொன்ன கையோடு முகத்தைச் சுளித்து, சுவரைப் பிடித்து எழுந்து, காலை இழுத்து இழுத்து வாசல்வரை நடந்தார். அவர் இடது காலை இழுத்தார், எங்களுக்கெல்லாம் வலது காலில் வலித்தது. ஆனாலும் யாரும் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் எங்களில் இன்னும் சிலர் அப்படித்தான் வருவதும் போவதுமாக இருந்தோம், ஒருவரை இழுத்தால் எல்லாரும் வெளியே வந்துவிடுவோம்.

மழைக்காலம் தொடங்குகிற சமயத்தில் அன்னபாக்கியம் விழுந்தாள். யாருடைய வலியும் இல்லை, அவளுடைய சொந்த வலி. முதுகெலும்பில் நரம்பு அமுங்கிவிட்டது என்றும் அசையாமல் படுத்திருப்பதுதான் வைத்தியம் என்றும் டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார். இடுப்பில் பிடித்து, தொடை வழியாக இறங்கி, கணுக்கால்வரை கொதிக்கிற கம்பியாக இழுக்கிற வலி. சபையே திரண்டு வந்து வாசலில் நின்றது, ஏனென்றால் அந்த ஊரில் அவளுடைய உடம்பு வழியாக ஒரு வலியாவது போகாத வீடே இல்லை.

"ஞாயித்துக்கெழம ஒரு வார்த்த சொல்லிருங்க மதினி" என்றாள் பொன்னுத்தாய். "ஊரே பங்கு போட்டுக்கிடுவோம். ஆளுக்கு ஒரு நுள்ளுதான் வரும்."

அன்னபாக்கியம் படுத்தபடியே தலையை ஆட்டினாள். "மொதல்ல அவரு சொல்லட்டும். எனக்காக எம் பக்கத்துல இருந்து அவரு ஒரு ஆமென் சொல்லட்டும். பெறவு சபைக்கு வாரேன்."

எல்லோரும் தேவவரத்தைப் பார்த்தார்கள். அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சொல்லுதேன், சாயங்காலம் சொல்லுதேன், இப்ப தண்ணி வார நேரம்" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார்.

அவருக்கிருந்த பயத்தை இன்று நினைத்தாலும் எங்களுக்குப் பாவமாக இருக்கிறது. சபையில் ஆமென் சொல்லி ஒன்றும் வராமல் போனால் நொண்டிச் சமாளிக்கலாம், ஏனென்றால் வலி மற்றவர்களிடம் பிரிந்து போய்விடும், யாருக்கும் தெரியாது. இங்கே அவர் ஒருவர், அவள் ஒருத்தி. அவர் சொல்லி அவளுடைய வலி அங்கேயே கிடந்தால், தான் ஒரு செத்த விசுவாசத்தோடு இத்தனை வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்துபோகும். அதைவிட மோசமாக, அவர் தன்னை நேசிக்கவே இல்லை என்றும் அவள் நினைக்கக்கூடும். இந்த இரண்டில் எது உண்மையாக இருந்தாலும் அவரால் தாங்க முடியாது.

அதனால் வேலைக்குள் ஒளிந்துகொண்டார். காலையில் ஆமெனைப் பற்றி அவள் வாயெடுக்குமுன் கஞ்சி வைத்தார். மத்தியானம் கேட்டுவிடுவாளோ என்று அவளுடைய சேலைகளை வாரிக்கொண்டு போய்த் துவைத்தார். குழாயடியில் பெண்கள் வாயைப் பொத்திச் சிரிக்க, நுரை வழியும் கையோடு பாவாடையைப் பிழிந்தார். அவளை இரண்டு கையிலும் ஏந்திக் கக்கூசுக்குக் கொண்டுபோனார், கொண்டுவந்தார், துடைத்தார், புரட்டிப் படுக்க வைத்தார், புண் வந்துவிடக்கூடாது என்று முதுகில் பவுடர் போட்டார். முதலில் குழம்பில் உப்பு அள்ளிக் கொட்டினார், அப்புறம் பழகிக்கொண்டார். பெரிய கன்வென்ஷன் ஒன்றுக்கு மைக் கட்டக் கூப்பிட வந்தவர்களிடம், நேரமில்லை, இவளுக்குத் தலைக்கு ஊற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். கோயிலில் ஆம்ப்ளிபயர் பக்கத்து நாற்காலி காலியாகவே கிடந்தது, கோபுரத்துக் குழாயிலிருந்து ஆமென் வராத ஞாயிறுகளில் பனங்காட்டுக் கிளிகள் குழம்பிப்போய்ப் பறந்தன.

சாயங்காலம் சொல்லுதேன் என்றது சாயங்காலம் சாயங்காலமாகத் தள்ளிக்கொண்டே போனது. அவள் ஒருமுறை "இப்ப சொல்லுங்களேன்" என்று கையைப் பிடித்தபோது, அடுப்பில் பால் பொங்குகிறது என்று ஓடினார். அடுப்பில் பாலே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஒரு காலை, முற்றத்து வெயிலில் அவளைத் தூக்கி வந்து உட்கார வைத்து, ஈரத் தலையைத் துவட்டிச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். சீப்பு ஓரிடத்தில் மாட்டியது. அதை எடுக்கிற சாக்கில் அவள் பின்னால் நின்றபடியே, முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"பாக்கியம், எனக்கு ஒண்ணும் வராது."

"என்ன வராது?"

"வலி. ஒருக்காகூட வந்ததில்ல. பொன்னுத்தாய் பல்லு மொதக்கொண்டு வரல. நொண்டுனதெல்லாம் வேஷம். எம் விசுவாசத்துல உயிரில்ல. நான் ஆமென்னு சொன்னா உனக்கு ஒண்ணும் ஆவாது, அதுக்குப் பயந்துதான் இப்பிடி ஓடிக்கிட்டுத் திரியுதேன்."

சொல்லிவிட்டு அழுதார். அவள் திரும்பவில்லை.

"எனக்கு வலி விட்டு ரொம்ப நாளாச்சு" என்றாள்.

சீப்பு தரையில் விழுந்தது.

"எப்ப விட்டுச்சு?"

"நாளெல்லாம் பாத்து வைக்கல. நீங்க என்னத் தூக்கிக்கிட்டு அந்தப் படியில ஏறையில ஒருநா சட்டுன்னு விட்டுட்டு. நானும் வரும் வரும்னு பாத்தேன், வரல."

"அதான் வலி போயாச்சுல்லா, பெறவு ஏன் படுத்துக் கெடந்த? ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன செய்வியன்னு தெரியாதா? மைக்க எடுத்துருவிய, பனங்காடு வரைக்கும் கேக்க சாட்சி சொல்லிருவிய." அப்புறம் குரல் தாழ்ந்தது. "அதுவும் இல்ல. எனக்கு யாரும் தல சீவி விட்டதில்ல. எங்கம்மை நான் நெனவு தெரியிதுக்கு முன்னால போயிட்டா. இன்னும் ஒரு நா, இன்னும் ஒரு நான்னு கெடந்துட்டேன். தப்புதான்."

அவர் அப்படியே தரையில் உட்காரக் குனிந்தார், குனியும்போது முகம் சுளித்தது, கை தன்னால் இடுப்புக்குப் போனது. அன்னபாக்கியம் இப்போதுதான் முழுசாகத் திரும்பினாள்.

"இடுப்பு வலிக்கா?"

"தண்ணி செமந்ததுல பிடிச்சிருக்கு. அது கெடக்கு."

"எங்கன, காட்டுங்க. இங்கயா? இதுலருந்து தொடை வழியா எறங்குதா? கணுக்கால்கிட்ட வந்து சுண்டுதா?"

"ஆமா."

"கம்பியக் காய்ச்சி இழுத்தாப்பில?"

"ஆமா. உனக்கெப்பிடித் தெரியும்?"

"அது கூட ராத்திரி பகலா கெடந்தேம்லா, எனக்குத் தெரியாதா? என்னோடதுதான் அது."

அவர் தன் காலை முதன்முறையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார். "நான் ஆமென்னே சொல்லலியே."

"அத ஐயருட்டப் போயிக் கேளுங்க."

"பாக்கியம், அப்பம் எனக்கு விசுவாசம் இருக்குன்னுதான அர்த்தம்?"

"வலிக்கால்லியா?"

"வலிக்கி."

"பெறவென்ன" என்றாள் அவள். அவருடைய முகம் வலியில் கோணுவதைப் பார்க்கப் பார்க்க அவளுடைய முகமும் மாறியது, எழுந்து முட்டிபோட்டு அவர் இடுப்பில் கையை வைத்தாள், உதடு அசைய ஆரம்பித்தது. "போதும், இவ்வளவு நாளு வச்சிருந்தது போதும். குடுங்க, எஞ் சாமானத்த நானே வாங்கிக்கிடுதேன். ஆண்டவரே, இந்த மனுசனுக்கு..."

தேவவரம் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினார். வாழ்நாளெல்லாம் ஆமெனை உலகத்துக்கே குழாய் கட்டிக் கேட்க வைத்த மனிதர், தம் மனைவியின் வாய்க்குள் இருந்த ஒரு ஆமெனை வெளியே வரவிடாமல் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்தார், அவள் திமிறினாள், கையைக் கடித்தாள், அவர் விடவில்லை. "சொல்லாத, சொல்லாதட்டி, நல்லாருப்ப, சொல்லிராத" என்று கெஞ்சினார். அவளுடைய ஈரத் தலைமுடி இருவர் மேலும் ஒட்டிக்கொண்டது. வேலிக்கு அப்பால் தண்ணீர்க் குடத்தோடு போய்க்கொண்டிருந்த பொன்னுத்தாய், புருசனும் பெண்டாட்டியும் சண்டை போடுகிறார்கள் என்று நினைத்துக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

சொல்லமாட்டேன் என்று அன்னபாக்கியத்திடம் சத்தியம் வாங்கின பிறகுதான் கையை எடுத்தார். ஆனாலும் அவளை அவர் நம்பவில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு இருவரும் வந்தார்கள். அவள் நடந்து வந்ததைப் பார்த்து ஊரே எழுந்து நின்றது, அண்ணாச்சி ஆமென் சொல்லிட்டாரு, அவரு விசுவாசமுள்ளவருதான் என்று பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். அவர் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஆம்ப்ளிபயர் பக்கம் போகாமல் கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்தார். விண்ணப்ப நேரத்தில் குருவானவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, யாருக்காவது விசேஷித்த ஜெபம் வேண்டுமா என்று கேட்டபோது, கணுக்கால்வரை காய்ச்சின கம்பி இழுத்துக்கொண்டிருக்க, அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். யாராவது தன் முகத்தைப் பார்த்துவிடுவார்களோ, பரிதாபப்பட்டு ஒரு ஆமெனைச் சொல்லித் தொலைத்துவிடுவார்களோ, சொன்னால் அது யாரிடம் போகும், சுற்றி வந்து அவளிடமே போய்விடுமோ என்று வியர்த்துக்கொண்டிருந்தார். இரட்சிக்கப்பட்டோமா இல்லையா என்கிற பழைய பயம் அவருக்கு ஞாபகத்திலேயே இல்லை. அது எந்த நாளில் போனது என்றுகூட அவருக்குத் தெரியாது.

இப்போதும் அப்படித்தான். விடியற்காலையில் கண்ணைத் திறக்குமுன் அவருடைய கை இடுப்புக்குப் போகிறது. வலி இருந்தால் மூச்சை விட்டுவிட்டுப் புரண்டு படுக்கிறார். சில நாள், தைலத்தினாலோ வெயிலினாலோ, அது கொஞ்சம் குறைந்த மாதிரித் தோன்றும். அந்த நாட்களில் வேட்டியைக்கூடச் சரியாகக் கட்டாமல், சுவரைப் பிடித்துப் பிடித்து அடுப்படிக்கு ஓடி, அவள் நிமிர்ந்து நிற்கிறாளா என்று பார்க்கிறார்.

"என்ன?" என்று அவள் கேட்கிறாள்.

"ஒண்ணுமில்ல, நீ வேலயப் பாரு" என்கிறார் அவர், அவள் குனிந்து அடுப்பைப் பற்றவைத்து மறுபடி நிமிர்கிறவரை அங்கேயே நின்றுகொண்டு.